எச்சரிக்கை எந்த மேசைக்கு வருகிறது?

கேள்வி இது: கோபிசெட்டிபாளையம் பக்கம் 40 படுக்கை கொண்ட மருத்துவமனை. பில்லுக்கும் மருந்து ஸ்டாக்குக்கும் ஏற்கெனவே மென்பொருள் ஓடுகிறது. இப்போது விற்பனையாளர், டாக்டர் முடிவெடுக்க உதவும் பகுதி என்று ஒன்றைத் தனி விலைக்குக் காட்டுகிறார். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மருந்துகளைக் காட்டிக்கொடுக்கும், கிட்னி சரியில்லாதவருக்கு டோஸைக் குறைக்கச் சொல்லும், செப்சிஸ் (தொற்று முற்றி உறுப்புகள் கெடும் நிலை) வருவதை முன்கூட்டியே எச்சரிக்கும் என்கிறார். வாங்கலாமா? வாங்குமுன் எப்படிச் சோதிப்பது?

வாங்கலாம். ஆனால் அவர் லேப்டாப்பில் காட்டும் டெமோவை வைத்து முடிவு செய்யாதீர்கள். டெமோவில் வரும் நோயாளிக்கு எடை இருக்கும், சரியான வயது இருக்கும், நேற்று எடுத்த கிரியேட்டினின் (கிட்னியின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) இருக்கும், மருந்துகள் எல்லாம் ஜெனரிக் பெயரில் இருக்கும். உங்கள் ஓ.பி.யில் அப்படி ஒருவர்கூட வரமாட்டார்.

முதலில் பார்க்கவேண்டியது மென்பொருளின் மூளையை அல்ல, உங்கள் மருத்துவமனையில் சீட்டு போகும் வழியை. டாக்டர் கையால் எழுதுகிறார். நோயாளி அந்தச் சீட்டோடு கீழே ஃபார்மசிக்குப் போகிறார். அங்கே இருக்கும் பையன் பில் போடும்போதுதான் மருந்தின் பெயர் முதல்முறையாகக் கம்ப்யூட்டருக்குள் நுழைகிறது. எச்சரிக்கையும் அந்த நொடியில், அந்தத் திரையில்தான் வரும். டாக்டர் மாடியில் அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நோயாளி அந்தியூர் பஸ்ஸுக்கு அவசரப்படுகிறார், வரிசையில் பத்துப் பேர். பையன் என்ன செய்வான்? 'ஓகே'யை அழுத்துவான். அவன்மேல் தப்பில்லை. அவனுக்கு அந்த எச்சரிக்கையை வைத்து எதுவும் செய்ய அதிகாரம் தரப்படவில்லை.

இது புதிய சிக்கலும் இல்லை. 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மைசின் என்ற நிரலை எழுதினார்கள். ரத்தத்தில் கலந்த கிருமித்தொற்றுக்கு எந்த ஆன்டிபயாடிக், எவ்வளவு என்று சொல்லும். சோதனையில் நிபுணர்களுக்குச் சமமாகவே பதில் சொன்னது. ஆனாலும் வார்டில் அது பயன்பாட்டுக்கு வரவேயில்லை. டாக்டர் தனியே ஒரு டெர்மினல்முன் உட்கார்ந்து, அது கேட்கும் கேள்விக்கெல்லாம் அரைமணி நேரம் டைப் அடிக்கவேண்டியிருந்தது. மூளை நன்றாக இருந்தும் வழி சரியில்லை.

ஆகவே இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். டாக்டரே கம்ப்யூட்டரில் மருந்தை எழுத ஒப்புக்கொண்டால் எச்சரிக்கை அவர் கையெழுத்துக்கு முன்னால் வரும். அது நல்லது. அவர் பேனாவை விடமாட்டார் என்றால், எச்சரிக்கை ஃபார்மசிக்கு வரட்டும், ஆனால் சில வகைக்கு மட்டும் மருந்தை நிறுத்திவைத்து இன்டர்காமில் கேட்கும் அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள். 'டாக்டருங்க, இந்தச் சீட்டுல அசிட்ரோமும் மெட்ரோனிடசோலும் சேந்து வந்திருக்குதுங்க, குடுத்துறட்டுங்களா?' அசிட்ரோம் ரத்தத்தை இளக்கும் மாத்திரை, மெட்ரோனிடசோல் அதன் வேகத்தை ஏற்றும் ஆன்டிபயாடிக். இந்த ஒரு வரிக் கேள்வியைக் கோபப்படாமல் வாங்கிக்கொள்ள டாக்டர் தயாரா என்பதை விலை பேசுமுன் கேட்டுவிடுங்கள். தயாரில்லை என்றால் பணம் மிச்சம்.

அடுத்தது மருந்து மாஸ்டர், அதாவது மென்பொருளுக்குள் இருக்கும் மருந்துப் பட்டியல். பாதிக்கு மேற்பட்ட தொல்லை இங்கேதான் பிறக்கிறது. எச்சரிக்கை விதிகள் மூலப்பொருளின் பெயரில் எழுதப்பட்டவை: மெட்ஃபார்மின், ஸ்பைரனோலாக்டோன், வார்ஃபரின். உங்கள் ஸ்டாக்கில் இருப்பதோ பிராண்டுகள். பில்லுக்காகப் போட்ட பட்டியலில் ஒரே மாத்திரை மூன்று விதமாக இருக்கும், ஒன்றில் எழுத்துப்பிழை, இன்னொன்றில் 'ஃபோர்ட்', மற்றொன்றில் ஸ்ட்ரிப் அளவு மட்டும். ஒவ்வொரு பிராண்டையும் அதன் மூலப்பொருள், வலிமை, வடிவம் மூன்றோடும் கோர்த்திருந்தால்தான் விதி வேலை செய்யும். கூட்டு மாத்திரை என்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியே கோர்க்கவேண்டும். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த சுகர் மாத்திரையை வெறும் கிளிமிபிரைடாகக் கோர்த்துவிட்டால், கிட்னி கெட்டவருக்கு மெட்ஃபார்மின் போவதை மென்பொருள் பார்க்கவே பார்க்காது. தவறான எச்சரிக்கை வந்தால் யாராவது திட்டுவார்கள், திருத்தம் நடக்கும். வராத எச்சரிக்கையை யாரும் கவனிப்பதில்லை. அதுதான் ஆபத்து.

கோர்க்கப்படாத பிராண்டு வந்தால் திரை என்ன சொல்கிறது என்று பாருங்கள். 'இந்த மருந்தைச் சரிபார்க்க முடியவில்லை' என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும். சும்மா பச்சை டிக் காட்டினால் அந்த மென்பொருள் வேண்டாம். மாஸ்டரை யார் கோர்ப்பது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நீங்கள் அடிக்கடி எழுதும் முதல் 300 ஐட்டங்களை ஃபார்மசிஸ்ட் ஒருவரும் டாக்டர் ஒருவரும் உட்கார்ந்து கோர்த்தால், சீட்டில் வருவதில் பெரும்பகுதி அடங்கிவிடும். மீதியை ஆறஅமரச் செய்யலாம்.

இனி கிட்னி கணக்கு. 72 வயது அம்மா, எடை 45 கிலோ, கிரியேட்டினின் 1.2. லேப் சீட்டில் பெரிதாகத் தெரியாது. கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணிக்கும் காக்ராஃப்ட்–கால்ட் வாய்பாட்டில் போடுங்கள்: 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கி வந்ததால் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கவேண்டும். நிமிடத்துக்கு 30 மி.லி. வரும். கிட்னி மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வேலை செய்கிறது என்று கொள்ளலாம். இப்போது எடை போடாமல் விட்டுவிட்டார்கள், மென்பொருள் தானாக 60 கிலோ என்று எடுத்துக்கொண்டது என்று வையுங்கள். அதே அம்மாவுக்கு 40 வரும். டோஸ் குறைக்கச் சொல்லும் எல்லை 30 என்றால் ஒன்றில் எல்லையிலேயே நிற்கிறார், மற்றதில் தாராளமாகத் தாண்டிவிடுகிறார்.

இதே அம்மாவுக்கு 2021-இல் வந்த சி.கே.டி.–எபி வாய்பாடு 48 என்று காட்டும். இரண்டில் எது சரி என்பதல்ல கேள்வி. சி.கே.டி.–எபி, 1.73 சதுர மீட்டர் உடற்பரப்புள்ள ஆளுக்குச் சரிசெய்த எண்ணைத் தருகிறது. ஒல்லியான நம் வயதானவர்களுக்கு அது கூடுதலாகக் காட்டும். ரத்தத்தை இளக்கும் புதிய மாத்திரைகள் பலவற்றின் டோஸ் எல்லைகள் காக்ராஃப்ட்–கால்ட்டை வைத்து எழுதப்பட்டவை. மெட்ஃபார்மினின் எல்லையோ சி.கே.டி.–எபி போன்ற வாய்பாடு தரும் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணை வைத்து: 30-க்குக் கீழே கூடவே கூடாது, 30 முதல் 45 வரை புதிதாகத் தொடங்குவதில்லை. எந்த மருந்துக்கு எந்த வாய்பாட்டைப் போடுகிறது என்று விற்பனையாளரைக் கேளுங்கள். 'எல்லாம் ஆட்டோமேட்டிக்குங்க' என்று பதில் வந்தால் அவருக்குத் தெரியாது என்று அர்த்தம். தெரிந்த ஆளை அனுப்பச் சொல்லுங்கள்.

கிரியேட்டினின் எந்தத் தேதியது என்பதும் முக்கியம். எட்டு மாதத்துக்கு முந்தைய 0.9-ஐ வைத்து இன்றைக்கு 'பரவாயில்லை' என்று சொல்லக்கூடாது. எத்தனை நாளுக்கு மேல் பழைய ரிப்போர்ட்டை ஏற்காது என்பதை நீங்களே மாற்ற வழி இருக்கவேண்டும். வெளி லேபில் எடுத்துத் தாளாகக் கொண்டுவரும் ரிப்போர்ட்டுகள் நம் பக்கம் அதிகம். ஸ்கேன் செய்து படமாகப் போட்டால் டாக்டர் கண்ணுக்குத் தெரியும், விதிக்குத் தெரியாது. கிரியேட்டினின், பொட்டாசியம், ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பது) மூன்றையாவது எண்ணாக டைப் செய்யும் பழக்கம் வேண்டும்.

எண் என்றதும் பிளேட்லெட் நினைவுக்கு வருகிறது. ஒரு லேப் 1.2 என்று எழுதும், லட்சம் என்பது வாய்வழக்கு. இன்னொன்று 1,20,000 என்று எழுதும். மிஷின், ஆயிரத்தை விட்டுவிட்டு, 120 என்று அனுப்பும். 50,000-க்குக் கீழே போனால் அலறு என்ற விதி, டெங்கு சீசனில் இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. லேப் மிஷினிலிருந்து நேராக வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் அலகைப் பொருத்திப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஆளையே மாற்றிப் போடுவது தனிக் கதை. பழனிசாமி, சுப்பிரமணியம், கந்தசாமி என்று வருகிறவர்களை இனிஷியலை வைத்துப் பிரிக்க முடியாது. போன் நம்பரை வைத்துத் தேடினால் குடும்பம் முழுவதும் திருப்பூரில் இருக்கும் மகன் நம்பரில் இருக்கும். ஒரே ஆளுக்கு மூன்று ஃபைல் இருந்தால், முதல் ஃபைலில் எழுதிய பென்சிலின் அலர்ஜி மூன்றாவது ஃபைலில் தெரியாது. ஆபா எனப்படும் தேசிய சுகாதார அடையாள எண் 14 இலக்கம், இருப்பவர்களுக்கு அதைப் போடுங்கள். இல்லாதவர்களுக்கு ஊர், தந்தை அல்லது கணவர் பெயர், பிறந்த ஆண்டு மூன்றும். 'வயசு ஒரு அறுவதுன்னு போட்டுக்குங்க' என்று சொல்வதை அப்படியே போட்டுவிட்டு, ஆதாரில் 74 இருந்தால், மேலே சொன்ன கணக்கு எல்லாம் வீண்.

இப்போது சோதனை. கற்பனை நோயாளிகளை நீங்களே உருவாக்கி, உங்கள் ஃபார்மசி பட்டியலில் உள்ள பிராண்டு பெயர்களிலேயே மருந்து எழுதி, விற்பனையாளர் தொடாமல் உங்கள் ஆள் அழுத்தட்டும். 65 வயது ஆண், கிரியேட்டினின் 2.5, கூட்டுச் சுகர் மாத்திரை: மெட்ஃபார்மினுக்கு எதிராகத் தடுக்கவேண்டும், ஏனென்றால் இ.ஜி.எஃப்.ஆர். 28 அளவில் வரும். அசிட்ரோம் சாப்பிடுபவருக்கு மெட்ரோனிடசோல்: ஐ.என்.ஆர். ஏறி ரத்தக்கசிவு வரலாம் என்று சொல்லவேண்டும். டெல்மிசார்ட்டனோடு ஸ்பைரனோலாக்டோன், பொட்டாசியம் ஏற்கெனவே ஏறி 5.6: இரண்டும் அதை மேலும் ஏற்றுபவை, சத்தமாகவே சொல்லவேண்டும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை ஒரு டாக்டரிடம், சில்டெனாஃபில் இன்னொரு டாக்டரிடம், வெவ்வேறு நாளில்: இதைப் பிடிக்காவிட்டால் மென்பொருள் ஒரு சீட்டுக்குள்ளேயே பார்க்கிறது, ஆளைப் பார்ப்பதில்லை.

பாராசிட்டமால் சோதனை எனக்குப் பிடித்தது. காய்ச்சலுக்கு 650 மி.கி. நாலு வேளை, இடுப்புவலிக்கு அசிக்குளோஃபினாக்கோடு 325 மி.கி. பாராசிட்டமால் சேர்ந்த மாத்திரை இரண்டு வேளை, சளிக்கு 500 மி.கி. சேர்ந்த மாத்திரை மூன்று வேளை. கூட்டினால் ஒரு நாளைக்கு 4.75 கிராம், உச்சவரம்பு 4. மூன்று பிராண்டுகள், மூன்று தனி வரிகள். கோர்வை சரியாக இருந்தால் மட்டுமே கூட்டல் வரும்.

குழந்தைக்குப் பாராசிட்டமால் சிரப் ஒன்று: 12 கிலோ, கிலோவுக்கு 15 மி.கி. கணக்கில் 180 மி.கி. 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 7.2 மி.லி., 250 மி.கி. உள்ளது என்றால் 3.6 மி.லி. எந்தப் பாட்டில் ஸ்டாக்கில் இருக்கிறதோ அதற்கேற்ப மாற்றிச் சொல்கிறதா? எடையை 120 என்று தப்பாக அடித்தால், மூன்று வயதுக் குழந்தைக்கு 120 கிலோவா என்று கேட்கிறதா?

சும்மா இருக்கவேண்டிய சீட்டுகளையும் சோதிக்கவேண்டும். பான்டோபிரசோலும் பாராசிட்டமாலும், பிரஷருக்கு அம்லோடிபினும் டெல்மிசார்ட்டனும். இதற்கெல்லாம் பெட்டி திறந்து குறுக்கே நின்றால் பத்தாவது நாளில் யாரும் எதையும் படிக்கமாட்டார்கள். மருந்து எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை டாக்டர்கள் தள்ளிவிட்டுப் போகிறார்கள் என்று 2006-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொன்னது. வெளிநாட்டு மருந்துத் தரவுத்தளத்தை அப்படியே இறக்குமதி செய்தால் உங்களுக்கும் அதே கதிதான். வழக்குக்குப் பயந்து எல்லாச் சின்ன விஷயத்தையும் அதில் எழுதிவைத்திருப்பார்கள்.

மூன்று படியாகப் பிரியுங்கள். குறுக்கே நின்று தடுப்பவை இருபது, முப்பதுக்கு மேல் வேண்டாம்: அலர்ஜி, நைட்ரேட்–சில்டெனாஃபில், கிட்னி கெட்டவருக்கு மெட்ஃபார்மின், பொட்டாசியம் ஏறியவருக்கு மேலும் ஏற்றும் மருந்து, ரத்தம் இளக்கும் மாத்திரையோடு ஆபத்தானவை, கர்ப்பிணிக்குக் கூடாதவை. இரண்டாவது படி, வேலையைத் தடுக்காமல் ஓரத்தில் மஞ்சளில் நிற்கட்டும். டெல்மிசார்ட்டனும் நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவருக்கு டைக்ளோஃபினாக் ஊசி போடுவது இந்த வகை, மூன்றும் சேர்ந்தால் கிட்னி கெடலாம். ஆனால் வெயிலில் வேலை செய்து நீர் வற்றி வந்த வயதானவருக்கு அது முதல் படிக்கே போகலாம், அதை டாக்டர்கள்தான் உட்கார்ந்து தீர்மானிக்கவேண்டும். மீதியை அணைத்துவிடுங்கள். தடுப்பதை மீறும்போது காரணம் கேட்கட்டும், நாலு வார்த்தையில். மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலை எடுத்து, பத்தில் ஒன்பது முறை மீறப்படும் விதியைக் கீழிறக்குங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். இந்தப் பட்டியலைத் தரமுடியாத மென்பொருளைச் சீர்திருத்தவே முடியாது.

நாட்டு மருந்து பற்றி ஒரு சொல்: நோயாளி வேறெங்கோ வாங்கிச் சாப்பிடும் லேகியமும் சூரணமும் சீட்டில் இல்லை, மென்பொருளுக்கும் தெரியாது. அதை வாயால் கேட்டால்தான் உண்டு.

வார்டுக்கு வருவோம். செப்சிஸ் எச்சரிக்கை, நிலை மோசமாவதற்கான மதிப்பெண் எல்லாம் சிஸ்டர் எழுதும் நாடி, பிரஷர், மூச்சு, ஆக்சிஜன், காய்ச்சல், நினைவு ஆகியவற்றிலிருந்து பிறப்பவை. நியூஸ்–2 என்ற மதிப்பெண்ணில் மொத்தம் 5 வந்தால் டாக்டரை உடனே அழைக்கவேண்டும், 7 என்றால் அவசரம். இதில் மூச்சு எண்ணிக்கை 12 முதல் 20 வரை பூஜ்யம், 21 முதல் 24 வரை 2, 25-உம் அதற்கு மேலும் 3. உங்கள் கேஸ் ஷீட்டுகளில் பத்தை எடுத்து மூச்சுக் கட்டத்தைப் பாருங்கள். எல்லாரிலும் 18 அல்லது 20 என்று இருந்தால் யாரும் எண்ணவில்லை, கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அந்த எண்ணைத் தின்னும் எந்த மென்பொருளும், நோயாளி மூச்சு வாங்கும்போதும் பூஜ்யம் போடும். ஒரு நிமிடம் எண்ணப் பழக்கிவிட்டு, தாளிலேயே மூன்று மாதம் மதிப்பெண் போடுங்கள். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர்.

பழைய பதிவுகளிலிருந்து தானே கற்றுக்கொண்டது என்று சொல்லும் செப்சிஸ் மாடல்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் ஓடிய எபிக் நிறுவனத்தின் செப்சிஸ் மாடலை மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் தங்கள் நோயாளிகளிடம் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் ஒருவரைத்தான் அது பிடித்தது. அதே சமயம் படுத்திருந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு எச்சரிக்கை அடித்தது. அங்கேயே இப்படி என்றால், அங்கே கற்றது கோபியில் எப்படி நடக்கும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

'90 சதவீதம் துல்லியம்' என்ற பேச்சையும் உடைத்துப் பார்க்கவேண்டும். நோய் உள்ள நூறு பேரில் 90 பேரைப் பிடிக்கும், இல்லாத நூறு பேரில் 90 பேரை விட்டுவிடும் என்று வையுங்கள். ஓ.பி.க்கு வரும் ஆயிரம் பேரில் 10 பேருக்குத்தான் நோய். 9 பேரைச் சரியாகப் பிடிக்கும், நோயில்லாத 99 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். 108 எச்சரிக்கையில் 9-தான் உண்மை. அதே கருவியை, ஆயிரத்தில் 300 பேருக்கு நோய் இருக்கும் ஐ.சி.யூ.வில் வைத்தால் 340 எச்சரிக்கையில் 270 உண்மை. கருவி ஒன்றுதான், இடம் வேறு.

படம் பார்க்கும் மென்பொருள் சில இடங்களில் நன்றாகவே உதவுகிறது. நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோய் தேட, 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. ஆனால் அது தருவது ஒரு மதிப்பெண். எந்த மதிப்பெண்ணுக்கு மேல் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவது என்ற எல்லையை உங்கள் ஊர் நிலவரத்துக்கு நீங்கள்தான் வைக்கவேண்டும். பழைய காசத்தின் தழும்பும் அதிக மதிப்பெண் வாங்கும். சுகர்காரர்களின் விழித்திரைப் படத்தைப் பார்க்கும் கருவிகளுக்குப் படம் தெளிவாக இருக்கவேண்டும். தாய்லாந்துக் கிராமக் கிளினிக்குகளில் இதைப் போட்டபோது ஐந்தில் ஒரு படத்தைத் தெளிவில்லை என்று கருவியே தள்ளியது. கண்புரை உள்ள நம் வயதானவர்களிடமும் இதை எதிர்பார்க்கலாம். தள்ளப்பட்டவர் வீட்டுக்குப் போகக்கூடாது, கண் டாக்டரிடம் போகவேண்டும்.

உரையாடும் செயலிகளிடம் டோஸ் கேட்பதைப் பற்றியும் கேட்பீர்கள். அவை தவறான எண்ணைத் தயங்காமல் சொல்லக்கூடியவை. படித்துச் சரிபார்க்க முடிந்தவர் மட்டும் பயன்படுத்தலாம். நோயாளி பெயரை அதில் அடிக்கவே கூடாது.

விலையுயர்ந்த மென்பொருள் இல்லாமலும் முடிவுக்கு உதவலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம். காசம் என்று தெரிந்த அன்றே சுகாதாரப் பணியாளர் சிலவற்றை மட்டும் பார்க்கிறார்: உயரம்–எடைக் குறியீடு 14 அல்லது அதற்குக் கீழா, அல்லது 16 வரை இருந்து காலில் வீக்கமா, மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேலா, ஆக்சிஜன் 94-க்குக் கீழா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடியவில்லையா. ஒன்று இருந்தாலும் மருத்துவமனையில் சேர்க்க அனுப்பவேண்டும். எடை மிஷின், உயரம் அளக்கும் கோல், ஆக்சிமீட்டர், ஒரு தாள், இவ்வளவுதான். யார் பார்ப்பது, பார்த்தபின் எங்கே அனுப்புவது என்பது முன்கூட்டியே முடிவாகியிருப்பதால் வேலை செய்கிறது.

பாம்புக்கடியும் அப்படியே. மஞ்சள், கரும்புத் தோட்டத்தில் ராத்திரி தண்ணீர் கட்டப் போனவர் வருகிறார். 20 நிமிட ரத்தம் உறையும் சோதனைக்குச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய் வேண்டும். பிளாஸ்டிக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவியதும் கூடாது, இரண்டிலும் நல்ல ரத்தமே உறையாமல் தவறாகக் காட்டலாம். மென்பொருள் இங்கே செய்யவேண்டியது நேரம் பார்ப்பது மட்டும்: 20-ஆவது நிமிடம் மணி, விஷமுறிவு மருந்து போட்டபின் ஆறு மணி நேரத்தில் மறுசோதனைக்கு மணி. உங்கள் விற்பனையாளரால் இந்த இரண்டு மணியை அமைத்துத் தரமுடிந்தால் செப்சிஸ் மாடலைவிட அதற்குத் தாராளமாகப் பணம் கொடுக்கலாம்.

கடைசியாகக் காகித வேலை. நோயைக் கண்டறியவோ சிகிச்சை சொல்லவோ செய்யும் மென்பொருள் 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவி என்ற வரையறைக்குள் வருகிறது. எந்த வகுப்பில் பதிவு அல்லது உரிமம் பெற்றிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். நோயாளி விவரம் எந்த சர்வரில் இருக்கிறது, ஒப்பந்தம் முடிந்தால் திறந்து படிக்கக்கூடிய வடிவத்தில் திரும்பக் கிடைக்குமா, மருந்து விதிகள் கடைசியாக எந்தத் தேதியில் புதுப்பிக்கப்பட்டன என்பது திரையிலேயே தெரிகிறதா என்பவையும் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். விற்பனையாளர் என்ன எழுதிக்கொடுத்தாலும் சீட்டில் கையெழுத்துப் போட்ட டாக்டர்தான் பொறுப்பு.

வாங்கும் நாளில் ஒரு சோதனை மிச்சம். இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, மெட்ஃபார்மின் நோயாளியை மறுபடி போடுங்கள். எச்சரிக்கைப் பகுதி இணையத்தில் இருந்தால் அது இப்போது வேலை செய்யாது. 'சரிபார்ப்பு நின்றுவிட்டது' என்று திரை சிவப்பில் சொல்லவேண்டும். ஒன்றும் சொல்லாமல் பில்லை அச்சடித்துக் கொடுத்தால், செக்கை எழுதாதீர்கள்.